தூங்கி எழுந்த கிரீம்

ஊட்டியிலிருந்து மூன்றாவது தடவையாகக் கிரீம் கேன்கள் திரும்பி வந்த அன்றுதான் நான் ஆஸ்திரேலியா போவது முடிவானது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. கோவைக்குப் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. ஊட்டியில் ஒரு பெரிய ஹோட்டல் பிரெஞ்சு இனிப்புகள் செய்யத் தொடங்கி, அதற்கு எங்களிடம் கிரீம் கேட்டிருந்தது. விடியற்காலையில் பிரித்த கிரீமை வேனில் ஏற்றிப் பத்து மணிக்குள் மலை மேல் சேர்த்துவிடுவோம். "இன்று கறந்த பால், இன்றே கிரீம்" என்று கேனில் பெருமையாக எழுதியும் வைத்திருந்தோம். மாலையில் கேன் அப்படியே திரும்பி வரும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "அடித்தால் எழும்பவில்லை." கரண்டியால் அடிக்க அடிக்கப் பஞ்சுபோல எழும்பி நிற்பதுதான் இனிப்புக்கு ஆகும் கிரீம்.

"ஏனுங்கம்மா, ஊட்டிக் குளிர்லயும் எழும்பலீன்னா வேற எங்கதானுங்க எழும்பும்?" என்றார் மேலாளர். எல்லாச் சோதனையும் மறுபடி செய்தேன். கொழுப்பு சரியாக இருந்தது, புளிப்பு இல்லை, கிருமி இல்லை. என் கணக்கில் குற்றமே இல்லாத கிரீம். அந்தச் சமயத்தில் ஆஸ்திரேலியாவில் ஆறு வாரப் பால் பயிற்சிக்கு எங்கள் சங்கத்துக்கு ஓர் இடம் கிடைத்தது. இரண்டு ஆண் அதிகாரிகளுக்கு அந்த இடத்தின் மேல் கண். மேலாளர் கேன்களைக் காட்டிச் சொன்னார்: "திரும்பி வந்த கிரீமுக்குப் பதில் சொல்ல வேண்டியவங்கதான் போகணும்." பாராட்டா தண்டனையா என்று தெரியாமலே பெட்டி கட்டினேன்.

சிட்னியில் முதல் நாள், சுங்க அதிகாரி என் பருப்புப் பொடியை முகர்ந்து பார்த்து மூன்று தும்மல் போட்டார். பொடி போயிற்று, ஊறுகாய் போயிற்று. மெரிலேண்ட்ஸில் பயிற்சிக்காரர்களுக்கென்று எடுத்திருந்த விடுதியில், நான் சைவம் என்று சொன்னதும் சமையற்காரம்மாள் அன்போடு தலையாட்டிவிட்டு மீன் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் விளக்கமாகச் சொன்னேன். அன்றைக்கு முட்டை வந்தது. மூன்றாம் நாளிலிருந்து ரொட்டி, வாழைப்பழம், பால். பால் மட்டும் அமிர்தம். அந்தப் பாலைக் குடித்துக்கொண்டே, இந்த நாட்டுக்காரர்களுக்குக் கிரீமைப் பற்றித் தெரியாதது எதுவும் இருக்காது என்று நினைத்தேன்.

நான்காம் நாள் கடைத்தெருவில் "பிரெஞ்சு கேக்" என்று எழுதிய கண்ணாடி அலமாரி ஒன்றைப் பார்த்தேன். பஞ்சுபோல வெள்ளையாக, கோபுரம் கோபுரமாக ஏதோ நிற்கிறது. வெளியே நல்ல வெயில்; உள்ளே அது அசையவில்லை. எங்கள் கிரீம் ஊட்டிக் குளிரிலும் நிற்கவில்லை, இங்கே வெயிலில் நிற்கிறதே என்று வியந்து, கடைக்காரரிடம் எந்தப் பால் பண்ணைக் கிரீம் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இது கிரீம் இல்லையம்மா. மாக் கிரீம், அதாவது போலிக் கிரீம். கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்து அடிப்பது. ஒரு வாரமானாலும் இப்படியே நிற்கும்." கிரீம் இல்லாத கிரீம்! கோவையில் யாராவது பால் இல்லாத பால் விற்றால் அடுத்த மணி நேரத்தில் காவல் நிலையத்தில் இருப்பார்.

சிட்னித் தொழிற்சாலைகளில் இயந்திரங்கள் பளபளத்தன. என் கேள்விக்கு மட்டும் ஒருவரும் நேரே பதில் சொல்லவில்லை. அவர்கள் கிரீமை டின்னில் அடைத்தார்கள், வெண்ணெய் ஆக்கினார்கள். அடித்து எழுப்புவது வீட்டுப் பெண்களின் வேலை என்று விட்டுவிட்டார்கள். பயிற்சியில் இருந்த பதினொரு பேரில் நான் ஒருத்திதான் பெண். "அடிக்கும்போது சர்க்கரையைச் சற்றுத் தாமதமாகப் போட்டுப் பாருங்கள்" என்று ஓர் அதிகாரி ஆலோசனை சொன்னார். மற்றவர்கள் புன்னகைத்தார்கள். ஒரு வாரத்தை வீணாக்கிவிட்டோம் என்ற பயத்தோடு மெல்போர்ன் வந்தேன்.

மெல்போர்னில் என்னை எதிர்கொண்டவர் பரமேஸ்வரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், என் சக அதிகாரி ஒருவருடன் சென்னையில் கல்லூரியில் படித்தவர். அவருடைய கணவர் நகரத்துக்கு வெளியே கிரான்பர்னில் டாக்டர்; அவர்கள் வீட்டில்தான் எனக்குத் தங்கல். கிரான்பர்ன் என்றால் அப்போது பசுக்கள், காய்கறித் தோட்டங்கள், ஒரு குதிரைப் பந்தய மைதானம், அவ்வளவுதான். என் பயிற்சித் தொழிற்சாலை அங்கிருந்து அரை மணி நேரத் தூரம்.

"வாங்கோ மங்கை. பெட்டியை வைச்சுப்போட்டு முதல்ல குசினிக்க வாரும். என்ன இப்பிடிக் காய்ஞ்சு போய் வந்திருக்கிறீர்?" என்றார். சமையலறைக்குள் போன ஐந்து நிமிடத்தில் சோறும் பருப்பும் தயிரும் என் முன்னால் இருந்தன. "தயிர் நான் தோய்க்கிறது. இஞ்ச கடையில விக்கிற தயிருக்குப் பழத்தைப் போட்டுக் கெடுத்து வைச்சிருக்கிறாங்கள்." அந்தத் தயிரைச் சாப்பிட்டபோது கண் கலங்கியதை அக்கா பார்த்தார், பார்க்காதது போல இன்னொரு கரண்டி போட்டார்.

இரண்டாம் நாள் ரயில் வேலைநிறுத்தம். நிலையத்தில் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அந்தப் பக்கமாக வந்த பால் வேன் ஒன்று நின்றது. ஓட்டியவருக்கு அறுபது வயது இருக்கும். வெயிலில் சிவந்த முகம், பெயர் ரெக். தொழிற்சாலையிலிருந்து நகரத்து உணவகங்களுக்குக் கிரீம் கொண்டுபோகிறவர். புடவை கட்டிய பெண் தொழிற்சாலையில் ஒருத்திதான் என்பதால் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து போனேன். வழியில், திரும்பி வரும் கிரீமைப் பற்றி அவரிடம் சொன்னேன். முதல்முறையாக ஒருவர் சிரிக்காமல் கேட்டார்.

"தொழிற்சாலையில் கேட்டு உங்களுக்குப் பயனில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கிரீமைத் திருப்பி அனுப்புகிற ஆளை" என்றார் ரெக். "எனக்கு ஒருத்தியைத் தெரியும். ஆறு வருடமாக வாரம் ஒரு தடவையாவது என் கேனைத் திருப்பி அனுப்புகிறாள்."

அந்த ஒருத்தி மதாம் ஒதீல். நகரத்தின் ஒரு சிறு தெருவில் பன்னிரண்டு மேசை போட்ட உணவகத்தை நடத்தினாள். பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் பிறந்தவள், விதவை, ஐம்பத்தெட்டு வயது. சனிக்கிழமை காலையில் ரெக் என்னை அவள் சமையலறைக்குள் கொண்டுபோய் நிறுத்தியபோது, அவள் கேனைத் திறந்து, ஒரு துளியைப் புறங்கையில் விட்டு நக்கி, கண்ணை மூடினாள். "பசு காட்டுப் பூண்டு தின்றிருக்கிறது. திருப்பிக் கொண்டு போ." ரெக் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கேனை வேனில் வைத்துவிட்டு, வேறொன்றைக் கொண்டுவந்தார். அதை ஏற்றுக்கொண்டாள். நானும் ஒரு துளி எடுத்துச் சுவைத்தேன். முதல் கேனில் பூண்டு வாசம் இருந்தது உண்மைதான். எங்கள் ஆய்வுக்கூடச் சோதனை எதிலும் அது அகப்பட்டிருக்காது.

என் பெயரை எழுதிக் காட்டச் சொன்னாள். ஆங்கில எழுத்தில் மங்கை என்று எழுதினேன். அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். "நடுவில் ஓர் எழுத்துச் சேர்த்தால் எங்கள் மொழியில் 'சாப்பிட்டேன்' என்று ஆகிவிடும். பெயரிலேயே சாப்பாட்டை வைத்துக்கொண்டு முட்டை சாப்பிடாதவளா நீ?" முட்டை சாப்பிடமாட்டேன் என்று ரெக் முன்பே சொல்லி வைத்திருந்தார். அவளுக்கு அது பெரிய துக்கம். "முட்டை இல்லாமல் பிரான்ஸ் பாதிதான்" என்றாள். பிறகு யோசித்துச் சொன்னாள்: "இருக்கட்டும். மற்றப் பாதி கிரீம்."

அடுத்த மூன்று வாரமும் பயிற்சி முடிந்த மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாப்பாடு என்பது வயிறு நிரப்பும் காரியம் இல்லை என்பது முதல் நாளே புரிந்தது. அவர்கள் சாப்பிடும்போது வேறொரு சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். போன வருடம் சாப்பிட்ட பேரிக்காயைப் பற்றி இரண்டு கிழவர்கள் முக்கால் மணி நேரம் சண்டை போட்டதை நானே பார்த்தேன். ஒதீல் பக்கத்தில் நின்று எனக்கு மொழிபெயர்த்தாள்: "தோலோடு வேகவைத்ததாக ஒருவர் சொல்கிறார். தோலை உரித்துத்தான் என்கிறார் மற்றவர். இனி இவர்கள் பேசிக்கொள்ள மாட்டார்கள்." அடுத்த வாரமும் இருவரும் அதே மேசைக்கு வந்தார்கள்.

அவள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடும்பத் தலைவர் கடைக்குப் போய்க் கிரீம் பலகாரம் வாங்குவாராம். கடைக்காரர் பெட்டியில் வைத்து ரிப்பன் கட்டித் தருவார். அந்த ரிப்பனை ஒரு விரலில் மாட்டிக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். யார் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பெட்டி போகிறது என்று தெருவே பார்க்கும். "மாமனாரோடு சண்டை போட்டவன் அன்றைக்குப் பெரிய பெட்டி வாங்குவான். எல்லோருக்கும் புரிந்துவிடும்" என்றாள்.

நம் இலையில் இனிப்புத்தான் முதலில் விழும், கடைசியில் மோர். அவர்களுக்குக் காய், கறி, பிறகு பாலாடைக்கட்டி, கடைசியில் இனிப்பு. எந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் பந்தியை முடிக்கப் பால் வேண்டியிருக்கிறது என்று நான் சொன்னேன். ஒதீலுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆனால் கோவைக் கல்யாணத்தில், சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நின்றுகொள்வார் என்றதும் அவளுக்கு முகமே மாறிவிட்டது. "காட்டுமிராண்டிகள்" என்றாள். நான் கோபப்படவில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் பின்னால் ஒருவர் செருமுவதைக் கேட்டவள் நான்.

அவள் எனக்காகச் செய்த முதல் இனிப்பு, அவள் ஊர்ப் பண்டம். தயிர்போல உறைந்த பாலை நீர் வடித்து, அடித்த கிரீமோடு கலந்து, அடியில் துளையுள்ள இதய வடிவக் கிண்ணங்களில் மெல்லிய துணி விரித்து ஊற்றி, மேலும் வடியவிடுவது. வழக்கமாக முட்டை வெள்ளையும் சேர்ப்பார்களாம். பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் மருந்து. இரண்டும் எனக்கு ஆகாது. பரமேஸ்வரி அக்காவின் தயிரை ஒரு சிறு பாத்திரத்தில் கொண்டுபோய் உறை ஊற்றினேன். ஒதீல் அதை முகர்ந்து, சுவைத்து, "யார் இவள்?" என்று கேட்டாள். தயிரை 'இவள்' என்றுதான் சொன்னாள்.

"முட்டை இல்லையென்றால் கிரீம் ஒன்றுதான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். நல்ல கிரீம் தாங்கும்" என்றபடி குளிர்பெட்டியைத் திறந்தாள். அன்று காலை ரெக் கொண்டுவந்த கேனை உள்ளே தள்ளி, பின்னாலிருந்த கேனை எடுத்தாள்.

"அது நேற்றையது இல்லையா?" என்றேன். "புதிதாக ஒன்று இருக்கும்போது பழையதை எதற்கு எடுக்கிறீர்கள்?"

"புதியது எழும்பாது. பயணம் செய்து வந்த களைப்பு. ஓர் இரவு தூங்கட்டும்."

ஊட்டியிலிருந்து திரும்பி வந்த கேன்கள் நினைவுக்கு வந்தன. இரண்டையும் அடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஒரே அளவுக் கிண்ணம், ஒரே குளிர், ஒரே கை. புதியது சளசளவென்று கிடந்தது. நெடுநேரம் அடித்ததில் மணல்போலத் திரிந்து வெண்ணெயாகப் போகத் தொடங்கியது. நேற்றையது இரண்டே நிமிடத்தில் எழும்பிக் கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

காரணம் எனக்குத் தெரியும். வகுப்பில் படித்தது, பரீட்சையிலும் எழுதியது. கிரீமில் உள்ள கொழுப்பு, நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. பாலைச் சூடாக்கிக் கிரீம் பிரித்துக் குளிர்வித்தால் அது உடனே தொடுவதற்குச் சில்லென்று ஆகிவிடும். ஆனால் உருண்டைகளுக்குள் இருக்கும் கொழுப்பு இறுகப் பல மணி நேரம் ஆகும். இளகிய கொழுப்பு காற்றைப் பிடித்து வைக்காது. இதைப் படித்திருந்தும், கேனில் "இன்றே கிரீம்" என்று எழுதி, விடியற்காலையில் பிரித்து, பத்து மணிக்கு மலையேற்றினேன். எங்கள் பெருமையே எங்கள் குற்றம். ஒதீல் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. அவள் கிரீமைக் களைத்துப்போன ஆளைப்போல நடத்தினாள், அவ்வளவுதான்.

மறுநாள் தந்தி கொடுத்தேன்: "கிரீமை ஐஸில் ஓர் இரவு வைத்து மறுநாள் அனுப்பவும். மங்கை." ஐந்து நாள் கழித்து மேலாளரின் பதில் வந்தது: "எழும்பியது. ஹோட்டல் இன்னும் இரண்டு கேன் கேட்கிறது." அக்காவின் குசினியில் நின்று அதை நான்கு தடவை உரக்கப் படித்தேன். "காணும், காணும், அயலட்டைக்கெல்லாம் கேட்கப் போகுது" என்று என்னை அடக்கினார் அக்கா. பிறகு அவரே வாங்கி ஐந்தாம் தடவை படித்தார்.

அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஊர் திரும்ப எட்டு நாள் இருக்கையில் ஒதீல் சொன்னாள்: "சனிக்கிழமை நீ விருந்துக்கு வர வேண்டும். எனக்குக் கல்யாணம்."

மாப்பிள்ளை ரெக். ஆறு வருடம் அவள் திருப்பி அனுப்பிய கேன்களை முகம் சுளிக்காமல் தூக்கிப் போனவர். "ஒரு தடவைகூட 'நல்ல கிரீம்தானே' என்று வாதாடியதில்லை. என் நாக்கை நம்பினான். என் முதல் கணவன்கூட அப்படி நம்பியதில்லை" என்றாள். ரெக்கிடம் கேட்டபோது அவர் காது சிவந்தது. "அவள் சொன்ன எல்லாத் தடவையும் கிரீமில் கோளாறு இருந்தது" என்றார்.

ஒரே கவலை, ஒதீலின் அக்கா மார்த். பிரான்சிலிருந்து கல்யாணத்துக்கென்றே வந்திருந்தாள். இருபது வருடத்துக்கு முன் தங்கை இந்த நாட்டுக்குக் கப்பலேறியதை அவள் மன்னிக்கவில்லை. மெலிந்த உடல், கறுப்பு உடை, ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. இந்த ஊரில் எதை வைத்தாலும் முள்கரண்டியால் ஒரு முறை தொட்டுவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவாள். "இங்கே சாப்பிட ஒன்றுமில்லை. கல்யாணம் முடிந்ததும் என்னோடு வந்துவிடு, அவனையும் கூட்டிக்கொள்" என்று தினமும் சொல்கிறாளாம். ஐம்பது பேருக்கு விருந்து. சமையல் முழுவதும் ஒதீலே. கடைசியில் வைக்கும் இனிப்பில் மார்த்தை வென்றுவிட வேண்டும் என்று, நான்கு பெரிய தட்டங்களில் முட்டைக் கிரீமும் பழமும் அடுக்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாள்.

வியாழக்கிழமை வடக்கிலிருந்து அனல்காற்று வீசத் தொடங்கியது. "நூற்று நாலு" என்றார் ரெக். அவர் இன்னும் பழைய ஃபாரன்ஹீட் டிகிரியில்தான் பேசுவார். அன்று மாலை மின் நிலையத்தில் வேலைநிறுத்தம், ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது குளிர்பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. தட்டங்களில் இருந்தது எல்லாம் இளகி, புளித்து, ஓரங்களில் வழிந்துகொண்டிருந்தது. ஒதீல் கீழே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கள் ஊரில் சாவு வீட்டில்கூட இனிப்பு வைப்பார்கள். நான் இனிப்பில்லாமல் கல்யாணம் செய்யப் போகிறேன். மார்த் இதை ஊர் முழுக்கச் சொல்வாள். சாகும்வரை சொல்வாள்." அழவில்லை. அந்தக் குரல்தான் என்னை உலுக்கியது.

"இதயக் கிண்ணத்து இனிப்பைச் செய்வோம்" என்றேன்.

"குளிர்பெட்டி இல்லாமலா? இந்த வெயிலில் பச்சை முட்டையையா போடப் போகிறாய்?"

"முட்டை வேண்டாம். குளிர்பெட்டியும் வேண்டாம். எங்கள் ஊரில் பாதிப் பால் ஐஸில்தான் உயிர் பிழைக்கிறது. இந்த வெயிலில் தயிர் உறைவது நமக்கு லாபம்."

எரிவாயு அடுப்பு எரிந்தது; அது போதும். பாலைக் காய்ச்சி, ஆறவிட்டு, அக்காவின் தயிரில் மிச்சம் வைத்திருந்ததை உறை ஊற்றினோம். நூற்று நாலு டிகிரியில் பிற்பகலுக்குள் கட்டித் தயிர். தொழிற்சாலைக்குச் சொந்த ஜெனரேட்டர் இருந்ததால் கிரீம் கிடைத்தது. ரெக் மீன் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் பாளங்களும் ஒரு மூட்டைக் கல்லுப்பும் கொண்டுவந்தார். பாளத்தில் மீன் செதில் ஒட்டியிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவினேன். உப்புக் கலந்த ஐஸின் குளிர் கையைக் கடித்தது. நிலவறையில் பழைய குளியல் தொட்டி ஒன்றில் ஐஸை நிரப்பிக் கேன்களை மூழ்க வைத்தோம். "ஒரு முழு இரவு" என்றேன். "தூங்கட்டும்" என்றாள் ஒதீல், கேன் மூடியைத் தட்டியபடி.

இன்னொரு தடை அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. துளையுள்ள கிண்ணம் அவளிடம் பன்னிரண்டுதான். விருந்தினர் ஐம்பது பேர். கடைகள் இருட்டில் மூடிக் கிடந்தன. அக்காவுக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொன்னேன்.

"அடியில ஓட்டை இருக்க வேணும், துணி விரிக்க வேணும், அவ்வளவு தானே?" என்றார் அக்கா. "அது இட்டலித் தட்டு எல்லோ! என்னட்டப் பதினாறு குழி இருக்குது. இரும், இஞ்ச இருக்கிற மற்ற ரெண்டு தமிழ் வீட்டிலயும் கேட்டுச் சொல்லுறன்."

"பானையோட கொண்டு வாங்கக்கா. ஐஸ் போட இடம் வேணும்."

"ஓம் ஓம். நாளைக்கு விடிய வாறன்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூன்று இட்லிப் பானைகளோடு அக்கா வந்து இறங்கினார். ஒதீல் தலைமுடியில் சுருள்கள் சுற்றி, கல்யாண உடைக்கு மேல் ஏப்ரன் கட்டியிருந்தாள். ஐஸும் உப்பும் நிரப்பிய தொட்டியில் பித்தளைக் கிண்ணத்தை வைத்து, கம்பிக் கரண்டியால் கையால் அடித்தோம். அவள் ஐந்து நிமிடம், நான் ஐந்து நிமிடம், அக்கா ஐந்து நிமிடம். கிரீம் கனத்தது, கம்பி போன வழி கோடாக நின்றது. இன்னும் நான்கு சுற்று அடித்தால் வெண்ணெய். எங்கள் ஊரில் வெண்ணெய் திரளும் முந்தைய கணத்தை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். "போதும்!" என்றேன். அதே நொடியில் ஒதீலும் அவள் மொழியில் கத்தினாள். இருவரும் ஒன்றாகக் கையை எடுத்தோம்.

இரவெல்லாம் நிலவறைக் குளிர்ச்சியில் துணியில் தொங்கி நீர் வடிந்த தயிரோடு கிரீமை மெதுவாகக் கலந்தோம். இட்லிக் குழிகளில் துணி விரித்து ஊற்றினோம். தண்ணீர் கொதிக்க வேண்டிய இடத்தில் ஐஸ், அதன் மேல் தட்டுகள், மேலே மூடி. "ஆவி போகாமல் மூடுறது போல இப்ப குளிர் போகாமல் மூடுறன்" என்றார் அக்கா. பத்தரைக்கு ஒதீல் சுருள்களைக் கழற்றிவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ளப் போனாள். அக்காவும் நானும் பானைகளுக்குக் காவல் இருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஐஸ் மாற்றினோம்.

விருந்து ஒரு மணிக்குத் தொடங்கியது. சன்னல்களெல்லாம் திறந்திருந்தன, அனல்காற்றில் மேசை விரிப்புகள் பறந்தன. ரெக்கின் உறவினர்கள், எல்லோரும் மாட்டுப் பண்ணைக்காரர்கள், மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கமில்லாமல் தவித்தார்கள். மார்த் ஒவ்வொரு தட்டையும் தொட்டுவிட்டு நகர்த்தினாள். மீன் போயிற்று. கறி போயிற்று. பாலாடைக்கட்டிக்கு மட்டும் புருவம் சற்று அசைந்தது.

மூன்றரை மணிக்கு மூடிகளைத் திறந்தோம். தட்டைக் கவிழ்த்துத் துணியை உரித்தேன். என் வாழ்க்கையில் இட்லி எடுக்கும்போது இவ்வளவு பயந்ததில்லை. முதலாவது கழன்று தட்டில் இறங்கி, ஒரு முறை நடுங்கி, நின்றது. வெள்ளை வெளேரென்று, மேலே துணியின் இழை பதிந்து, வட்டமாக. அக்கா என் தோளை இறுக்கினார். சுற்றிலும் ராஸ்பெரிப் பழங்களைத் தூவி, ஐம்பதையும் வெளியே கொண்டுபோனோம். அந்த வெயிலில் சில்லென்று ஒன்று வந்ததும் பண்ணைக்காரர்கள்கூடத் தவிப்பை மறந்து கரண்டியை எடுத்தார்கள்.

மார்த் கரண்டியால் தொட்டாள். வாயில் வைத்தாள். நான் சமையலறைக் கதவருகே நின்றேன். தட்டு நகரவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது. தட்டைத் துடைத்தாற்போல முடித்துவிட்டு, தங்கையிடம் ஏதோ கேட்டாள். ஒதீல் எனக்கு மொழிபெயர்த்தாள்: "முட்டை வெள்ளை இல்லாமல் எப்படி நிற்கிறது என்று கேட்கிறாள்."

"கிரீம் தாங்குகிறது என்று சொல்லுங்கள்."

மார்த் என்னை முதல்முறையாக நேரே பார்த்தாள். பிறகு இன்னொரு கேள்வி. இம்முறை ஒதீல் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் சிரித்துவிட்டாள். "நம் ஊரில் இது இதய வடிவம். இந்த வட்ட வடிவம் எந்த மாகாணத்து வழக்கம் என்கிறாள்."

"என்ன சொன்னீர்கள்?"

"தெற்கு என்று சொன்னேன்."

மார்த் அறிந்தவள்போலத் தலையை ஆட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெக்கின் தட்டில் பாதி மிச்சம் இருந்தது. அவர் மறுக்கும் முன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். ஒதீல் எழுந்து வந்து, எங்கள் ஏப்ரன்களை அவிழ்த்து எறிந்துவிட்டு, அக்காவையும் என்னையும் மார்த்துக்கு எதிரே நாற்காலிகளில் உட்கார வைத்தாள்.

"மங்கை, அவ உம்மட்டத்தான் ஏதோ கேட்கிறா" என்றார் அக்கா. மார்த் பைக்குள்ளிருந்து ஒரு பென்சிலை எடுத்து, உணவுப் பட்டியலின் பின்பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்திருந்தாள். செய்முறையின் முதல் வரியை நான் தமிழில் எழுதினேன், கை தானாக அப்படிப் போயிற்று. அவள் அந்த எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்து, தொடர்ந்து எழுது என்று சைகை காட்டினாள்.